துடைத்ததில் போன சாட்சிகள்

லேமினேஷன்காரரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு அதை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள் அந்தத் தெருவில் குறைவு. நகல் எடுக்க வந்தவரிடமும், புத்தகம் பைண்டிங் செய்ய வந்தவரிடமும், முகவரிச் சீட்டை நீட்டி வழி கேட்டவரிடமும்கூட, "கொடுங்க, லேமினேட் பண்ணிடலாம், காலத்துக்கும் இருக்கும்" என்பார். அவருடைய திருமண அழைப்பிதழ் லேமினேட் ஆகியிருந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த கோழியும் லேமினேட் ஆகியிருந்தது. அது கோழியா குதிரையா என்று இன்றுவரை முடிவாகவில்லை, ஆனால் ஒரு மடிப்பு விழாமல் கடைச் சுவரில் பளபளவென்று இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட எதையும் அவர் அப்படியே கையில் கொடுக்க மாட்டார். மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் தொட்ட துணி ஒன்று எப்போதும் கிடக்கும். அதை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு. விரல் ரேகை ஒன்றுகூட மிஞ்சாது. கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அந்தக் கைப்பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

மகள் என்று சொன்னேன் அல்லவா, அவள் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்தவள். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணை அவர் மணந்தபோது, தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்த குழந்தை. கொஞ்ச நாள் அவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மிஷினிலிருந்து சூடாக வெளியே வந்த தாளைத் தொட்டுவிட்டு, விரலை உதறிக்கொண்டு "அப்பா" என்று அலறினாள். அதற்குப் பிறகு அவர் அவளுக்கு அப்பாதான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் அப்பாவும் மகளும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே கல்லாவில் உட்கார்ந்தார்கள். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்து, எல்லோருமாகக் கடைக்கு மேலே மாடியில்தான் குடியிருக்கிறார்கள். கடையும் மாடியும் அவர் உழைத்து வாங்கியவை.

நெஞ்சு வலி வந்து, இதயத்தில் அடைப்பு என்று சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆபரேஷன், அன்று மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பையைக் கட்டி வைத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு போன் வந்தது. அண்ணன் மகன்.

"சித்தப்பா, ஆபரேஷன்னு கேள்விப்பட்டோம். தைரியமா இருங்க. அப்பா சாயங்காலம் வரேன்னு சொன்னாரு."

"வரட்டும்ப்பா."

"அப்புறம், கடையும் மாடியும் யார் பேர்ல இருக்கு சித்தப்பா? சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிற கேள்வியா அது? போனை வைத்தவர் மகள் இருந்த மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் உடனே ஒரு தெம்பும் வந்தது. உயில் இருக்கிறதே. மனைவி இறந்த புதிதில் எழுதியது. தானே டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, மை காய்ந்ததும் அழகாக லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார். கடையும் மாடியும் மகளுக்கு. பழைய பைண்டிங் மிஷின், கடையில் வேலை செய்து இத்தனை காலம் அதில் கை ஓடிய பைண்டிங் அக்காவுக்கு. அப்பாவின் வெள்ளி மோதிரம் அண்ணனுக்கு. சாட்சி வேண்டும் என்பது லேமினேட் செய்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்கென்ன, போட்டோ ஸ்டூடியோக்காரரையும் தபால்காரரையும் கூப்பிட்டு, மார்க்கர் பேனாவால் பிளாஸ்டிக்கின் மேலேயே கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார். பேனாவின் மேல் பெர்மனென்ட் என்று அச்சடித்திருந்தது. ஸ்பிரிட்டுக்கு முன்னால் எந்தப் பெர்மனென்டும் நிற்காது என்று தெருவுக்கே பாடம் எடுப்பவர், தன் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார்.

எதற்கும் வக்கீலம்மாவிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று மாடியிலிருந்து உயிலை எடுத்து வந்தார். பீரோவில் கிடந்ததால் லேசாகத் தூசி. கை தானாகத் துணியை எடுத்தது. மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு.

துணியில் நீலமாக ஒரு கறை. அவர் அதைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். ஸ்டூடியோக்காரரும் தபால்காரரும் இருந்த இடம் வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. பிளாஸ்டிக்குக்கு அடியில் அவருடைய கையெழுத்து மட்டும் தன்னந்தனியாக நின்றது. கண்ணால் பார்த்தும் மனசு ஒப்பவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார், அங்கே என்ன இருக்கப் போகிறது?

வக்கீலம்மாவின் அலுவலகம் அதே தெருவின் திருப்பத்தில் இருந்தது. அவருடைய கட்டுக்கட்டான நகல்களெல்லாம் இந்தக் கடையில் எடுத்தவைதான். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"இப்ப இது நீங்க கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். அவ்வளவுதான். சாட்சி இல்லாம இது உயில் ஆகாது."

"போட்டாங்களேம்மா. என் கண்ணு முன்னாலதான் போட்டாங்க."

"பிளாஸ்டிக் மேல போட்டாங்க. அதையும் நீங்களே துடைச்சுட்டீங்க. அவங்க ரெண்டு பேரும் இப்ப எங்க?"

ஸ்டூடியோக்காரர் செத்துப்போய்ப் பல காலமாயிற்று. தபால்காரர் மகனோடு எந்த நாட்டுக்கோ போனவர், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

"அப்ப நான் கோர்ட்ல எதைக் காட்டுறது, உங்க துணியையா?"

லேமினேஷன்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்கம்மா. உயில் இல்லாட்டி என்ன? எனக்கு இருக்கறது ஒரே மக. எல்லாம் அவளுக்குத்தானே போகப்போகுது."

வக்கீலம்மா பேனாவைக் கையில் எடுத்தார். "தத்து எடுத்த காகிதம் ஏதாவது இருக்கா?"

"என் மகளை நானே எதுக்கும்மா தத்து எடுக்கணும்?"

"கோபப்படாதீங்க. சட்டம் ஒண்ணு ரத்தத்தைப் பாக்கும், இல்லன்னா காகிதத்தைப் பாக்கும். ரெண்டும் இல்லன்னா அவ உங்களுக்கு யாருமில்ல. உயில் இல்லாம நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கடை, மாடி, எல்லாம் உங்க அண்ணனுக்குப் போகும். அவர் சொன்னா உங்க மக மாடியைக் காலி பண்ணணும்."

யாருமில்ல என்ற சொல் அவருக்குள் போய் இடித்தது. அடைப்பு இருந்த இடத்திலேயே இடித்த மாதிரி இருந்தது. இது அவள் காதில் விழவே கூடாது என்பதுதான் அவர் முதலில் நினைத்தது. வீடு போவதெல்லாம் அதற்குப் பிறகுதான் மண்டைக்குள் ஏறியது.

"இப்பவே புதுசா எழுதிடுங்கம்மா."

"எழுதறது பெரிசில்ல. ரெண்டு சாட்சி வேணும். நீங்க கையெழுத்துப் போடறதை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பக்கத்துல இருந்து பாக்கணும். அப்புறம் உங்க முன்னாலயே அவங்க போடணும். ஒருத்தி நான் இருக்கேன். என் ஜூனியர் லீவு. இன்னொருத்தரை நீங்க பிடிங்க."

"என் மருமகன் இருக்காரே."

"உயில்ல பங்கு வாங்கறவங்க சாட்சி போட்டா, உயில் நிக்கும், ஆனா அவங்க பங்கு போயிடும். அவங்க புருஷனோ பொண்டாட்டியோ போட்டாலும் அதே கதைதான். மருமகன் போட்டா உங்க மகளுக்கு ஒண்ணும் மிஞ்சாது." பிறகு நினைவு வந்தவராகக் கேட்டார். "பேத்திக்குத் தனியா ஏதாவது எழுதணுமா? சின்னப் பொண்ணு, அவ பெரியவளாகற வரைக்கும் ஒரு டிரஸ்ட் மாதிரி வச்சு, பொறுப்புக்கு ஒருத்தரைப் போடணும்."

"சாட்சிக்கே ஆளைத் தேடறேன், நீங்க பொறுப்புக்கு வேற ஆள் கேக்கறீங்க. எல்லாத்தையும் மகளுக்கே எழுதுங்கம்மா."

கடைக்குத் திரும்பியவர் முதலில் பைண்டிங் அக்காவிடம்தான் சொன்னார். அந்தம்மா பசைக் கையைக் கழுவிக்கொண்டு, "எங்க போடணும், சொல்லுங்க" என்று வந்து நின்றது. சாட்சி போட்டால் மிஷின் போய்விடும் என்று சொன்னதற்கும், "அந்தப் பழைய இரும்பை வச்சு நான் என்னங்க பண்ணப் போறேன்" என்றது. ஆனால் அது பொய் என்று இருவருக்குமே தெரியும். அந்த மிஷினை வைத்து வீட்டிலேயே தொழில் பண்ணலாம் என்று எத்தனையோ முறை வாய்விட்டுச் சொன்னது அதுதான்.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் லேமினேஷன்காரர். "மிஷின் உனக்கு. நீ சாட்சி இல்ல."

பக்கத்து மருந்துக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் ஒரு அடி பின்னால் போனார். "உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? ஆனா பாருங்க, நாளைக்கு உங்க அண்ணன் மகன் கேஸ் போட்டா, நான் கடையைப் பூட்டிட்டு கோர்ட் வாசல்ல தவம் கிடக்கணும்." கையெழுத்துக்குப் பதிலாக, ஆபரேஷன் முடிந்து வந்ததும் மாத்திரையில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். எதிர்க்கடைக்காரர், அண்ணன் தம்பி விவகாரத்தில் தலையிட்டால் பாவம் என்றார். தையல்காரர் கடை பூட்டிக் கிடந்தது. கண்டதற்கெல்லாம் உறை போட்டுக் கொடுத்த தெருவில், ஒரே ஒரு கையெழுத்துக்கு நாதியில்லாமல் நின்றார். மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, நேரமாச்சு, வண்டி வந்துடுச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில், நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். "மகள்" என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல். கேட்டவரும் எழுதிக்கொண்டார். லேமினேஷன்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு சொல் போதும், அங்கே கோர்ட்டில் போதாது என்றால் எப்படி என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

அறைக்கு வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் வக்கீலம்மா டைப் செய்த தாளோடு வந்தார். மகளிடம், "கொஞ்சம் வெளிய இரும்மா. நீ உள்ள இருந்தா, நீதான் மிரட்டி எழுதி வாங்கினன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்" என்றார். மகள் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். நர்ஸிடம் சாட்சி போட முடியுமா என்று கேட்டதற்கு, நோயாளிகளின் சொந்த விஷயத்தில் கையெழுத்துப் போட எங்களுக்கு அனுமதி இல்லை என்றாள். "இன்னும் கொஞ்சத்துல வந்து ஊசி போடுவேன் ஐயா. நல்லாத் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார். "ஊசி போட்டுட்டா அப்புறம் நான் கையெழுத்து வாங்க மாட்டேன். புத்தி தெளிவா இல்லாதப்ப வாங்கினதுன்னு ஒரே வார்த்தையில அடிச்சுடுவாங்க. யாராவது வருவாங்களா?"

"வருவாரு, எங்க அண்ணன்" என்றார் அவர். சொல்லும்போதே வாய் கசந்தது.

அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாடகை வீட்டில், வேலை நிலைக்காத மகனோடு இருக்கிறார். தம்பியோடு பேச்சு விட்டுப்போய் வெகுகாலம். காரணம் அந்த வெள்ளி மோதிரம். அப்பா ஆஸ்பத்திரி மாடியில் சாகக் கிடந்த அன்று, அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அந்த நேரத்தில் அப்பா விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, பக்கத்தில் இருந்த தம்பியின் உள்ளங்கையில் வைத்து, இது உனக்கு என்றார். அண்ணன் மேலே வந்தபோது அப்பாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. "அவர் குடுத்தாரா, நீ எடுத்தியா? யார் பாத்தா?" என்று அண்ணன் கேட்டார். பார்த்தவர் யாரும் இல்லை. அதற்குப் பிறகு கல்யாணம், சாவு என்று எங்காவது பார்த்தால், "சௌக்கியமா?" "சௌக்கியம்." அதோடு சரி.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார், வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டைப் பார்த்தார், மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தார்.

"உயிலா?"

"ஆமாண்ணே."

உட்காராமலேயே தாளை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். வெளியே வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் ஒன்று கடகடவென்று போகும் சத்தம் கேட்டது. லேமினேஷன்காரரின் கண் கதவிலேயே இருந்தது. நர்ஸ் வந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

"இன்னொரு சாட்சி வேணும்ண்ணே" என்றார். "யாரும் கிடைக்கல."

"அதுக்கு நானா?"

"நீதான் இருக்க."

அண்ணன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் போடலன்னா என்ன ஆகும்?"

வக்கீலம்மா லேமினேஷன்காரரைப் பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டாம் என்று அர்த்தம். அவருக்கும் புரிந்தது. ஆனால் அண்ணனிடம் ஒன்றை மறைத்ததாக இன்னொரு பேச்சைக் கேட்க அவருக்கு இனித் தெம்பில்லை.

"நான் செத்தா எல்லாம் உனக்கு வரும். கடை, மாடி, எல்லாம். சட்டப்படி அவ எனக்கு யாருமில்லையாம்."

"போட்டா?"

"ஒண்ணும் வராது. மோதிரத்தை உனக்குன்னு எழுதியிருக்கேன். ஆனா சாட்சி போட்டவருக்கு அதுகூடக் கிடைக்காதாம்."

அண்ணன் நிமிர்ந்தார். தாளின் கடைசி வரிகளுக்கு அவர் இன்னும் வந்திருக்கவில்லை. இப்போது விரலை வைத்துத் தேடி, அந்த வரியைக் கண்டுபிடித்து, உதடு அசையப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதை இப்ப எழுதினியா?"

"பழைய உயில்லயே இருந்துச்சு."

"அப்பா உனக்குக் குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தாரு."

"அப்புறம் எதுக்கு எனக்கு எழுதின?"

"குடுத்தாருன்னு நீ நம்பல. அதை நான் எந்தக் காகிதத்துல எழுதிக் காட்ட முடியும்? மோதிரத்தையே குடுத்துடலாம்னு நினைச்சேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. லேமினேஷன்காரருக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பயம் ஏறியது. வாடகை வீட்டில் இருக்கிற மனுஷன். மகனுக்கு வேலை இல்லை. ஒரு நிமிஷம் சும்மா நின்றால் போதும், சொந்த வீடும் கடையும் வரும். தான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்த்தார், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கதவுக்கு வெளியே மகள் யாரிடமோ, "உள்ள பெரியப்பா இருக்காரு, அவர் வந்துட்டாருல்ல, இனிமே கவலையில்ல" என்று சொல்வது கேட்டது.

அண்ணன் திரும்பினார். "அன்னைக்கு நான் மருந்து வாங்கப் போகாம இருந்திருந்தா பாத்திருப்பேன். பாத்திருந்தா நாம இப்படி ஆகியிருக்க மாட்டோம்." கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ கையெழுத்துப் போடு. நான் பாக்கறேன்."

லேமினேஷன்காரர் போட்டார். கடைசி எழுத்து சற்றுக் கோணிப் போயிற்று. வக்கீலம்மா போட்டார். அண்ணன் பேனாவை லாரி ஸ்டியரிங் மாதிரி கெட்டியாகப் பிடித்து, அழுத்தி, நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு, "என் பய கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார்.

பழக்கதோஷத்தில் லேமினேஷன்காரரின் கை போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு தாளை நோக்கிப் போனது. வக்கீலம்மா சட்டென்று தாளைப் பிடுங்கி உறைக்குள் வைத்தார்.

"இது என்கிட்ட இருக்கும். நீங்க தொடக் கூடாது."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். பின்னாலேயே மகளும் வந்தாள். "விரல்ல மோதிரம் இருக்கக் கூடாது ஐயா, கழட்டுங்க" என்றாள் நர்ஸ். அது இத்தனை காலத்தில் சதையோடு ஒட்டிப்போயிருந்தது. மகள் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அண்ணன் எழுந்து போய்ச் சோப்பைக் குழைத்துக்கொண்டு வந்தார். தம்பியின் விரலில் தடவி, வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். அத்தனை நேரமும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நீயே வச்சுக்கண்ணே" என்றார் லேமினேஷன்காரர். "உயில்ல எழுதினது போகட்டும். இது உயிரோட இருக்கும்போதே என் கையால குடுக்கறது."

அண்ணன் உள்ளங்கையில் மோதிரத்தை வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார், நர்ஸையும் பார்த்தார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல? அவன்தான் குடுத்தான். நான் எடுக்கல."

உள்ளங்கையை மூடிக்கொண்டார். அவரே தொடர்ந்தார். "நான் எனக்குன்னு வாங்கல. அவன் வெளிய வர்ற வரைக்கும் வச்சிருக்கேன். அதையும் கேட்டுக்கங்க."

லேமினேஷன்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஊசி ஏறியதும் அப்படியே தூங்கிப்போனார்.

அவர் மறுபடி நன்றாகக் கண் விழித்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. மார்பு முழுக்கக் கட்டு. தொண்டை வறண்டு கிடந்தது. ஒரு பக்கம் மகள், கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபக்கம் அதே நாற்காலியில் அண்ணன், கசங்கிய சட்டையோடு. வலது கை மூடியிருந்தது.

"விரலை நீட்டு" என்றார் அண்ணன்.

நீட்டினார். மருந்து ஏற்றி ஏற்றிக் கை வீங்கியிருந்தது. மோதிரம் முதல் கணுவையே தாண்டவில்லை. அண்ணன் இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, அதைத் திரும்பவும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"வீங்கியிருக்குண்ணே" என்றார் தம்பி, குரலே வராமல்.

"வடியட்டும். நான் எங்கயும் போகல."